பொருந்தாமல் போன புய எலும்பு: சத்திரசிகிச்சை என்ன செய்கிறது?

வட இலங்கையின் வன்னியில், மல்லாவிப் பக்கத்தில் வயல் செய்யும் எங்கள் மாமா ஒருவர், தேநீர்க் கோப்பையை வலது கையால் தூக்குவதற்கு முன்னர் இடது உள்ளங்கையை வலது முழங்கையின் கீழே கொடுத்துத் தாங்கிக்கொள்வார். தாங்காமல் தூக்கினால், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே, மூட்டே இருக்கக்கூடாத இடத்தில் கை மெல்ல மடியும். குளக்கட்டோரக் கிறவல் வீதியில் மோட்டார் சைக்கிள் சறுக்கி அவர் விழுந்து அப்போது பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. முதலில் வைத்தியசாலையில் பிளாஸ்டர் கட்டுப் போட்டார்கள். காலபோக நெல் வெட்டு நெருங்கியதும் அதை அவரே வெட்டி எடுத்துவிட்டு, முறிவு நெறிவுப் பரியாரியாரிடம் எண்ணெய்க் கட்டுக் கட்டினார். நோவு குறைந்ததும் எலும்பு பொருந்திவிட்டது என்றே வீட்டில் எல்லோரும் நம்பினோம். "நோவில்லைத் தம்பி, கைதான் சொல்வழி கேக்குதில்லை" என்று அவர் சொன்ன பிறகுதான் மறுபடியும் எக்ஸ்ரே எடுக்கப்பட்டது. யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, தோளுக்கும் முழங்கைக்கும் இடையிலுள்ள புய எலும்பின் முறிந்த முனைகள் இரண்டும் உருண்டு மழுங்கி, நடுவில் ஒரு கறுத்த கோடு ஓடியது.

இவ்வாறு முறிந்த எலும்பு உரிய காலம் கடந்தும் ஒட்டாமல் நிற்பதை எலும்பு பொருந்தாமை என்கிறோம். ஒன்பது மாதங்கள் கடந்தும், கடைசி மூன்று மாதங்களில் எக்ஸ்ரேயில் எந்த முன்னேற்றமும் தெரியாமலும் இருந்தால் அது பொருந்தாமை என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரையறை. புய எலும்பைப் பொறுத்தவரை சத்திரசிகிச்சை நிபுணர்கள் அவ்வளவு நாள் காத்திருப்பதில்லை. ஆறு மாதத்திலேயே முடிவெடுக்கப்படுவதுதான் வழக்கம். முனைகளுக்கு இடையே குருத்தெலும்பு போன்ற திசுவும் வழுவழுப்பான நீரும் சேர்ந்து உண்மையான மூட்டைப் போலவே ஆகிவிட்டால், அதைப் போலி மூட்டு என்பார்கள். மாமாவின் கையில் உருவாகியிருந்தது அதுதான். போலி மூட்டில் நோவு குறைவாக இருப்பதே அதன் பெரிய ஏமாற்று.

புய எலும்பின் தண்டு முறிவது அரிதல்ல. எல்லா எலும்பு முறிவுகளிலும் ஏறக்குறைய 1 முதல் 3 சதவீதம் வரை இந்த வகையே. இவற்றில் பெரும்பாலானவை கத்தி படாமலே பொருந்தும். அமெரிக்காவில் பணியாற்றிய எலும்பு முறிவு நிபுணர் ஒகஸ்டோ சர்மியென்டோ, மேற்கையைச் சுற்றி இறுக்கும் ஒரு பிளாஸ்டிக் உறையை அணிவித்து, முழங்கையையும் தோளையும் அசைக்க விட்டபடியே எலும்பைப் பொருந்தச் செய்யும் முறையை 1977இல் விவரித்தார். 2000ஆம் ஆண்டில் அவரது குழு வெளியிட்ட 620 நோயாளிகளின் கணக்கில், தோல் கிழியாத முறிவுகளில் 2 சதவீதத்துக்கும் குறைவானவையும், தோல் கிழிந்தவற்றில் 6 சதவீதமுமே பொருந்தாமல் போயின. பின்னர் வந்த ஆய்வுகள் இவ்வளவு நம்பிக்கை தரவில்லை. 2020இல் வெளியான பின்லாந்து ஆய்வொன்றில் உறை அணிவிக்கப்பட்ட 44 பேரில் 13 பேருக்கு ஓராண்டுக்குள் சத்திரசிகிச்சை தேவைப்பட்டது. அவர்களில் பெரும்பாலானோருக்கு எலும்பு பொருந்தாமையே காரணம். ஆகவே முதலில் கட்டுப் போட்டவர் பிழை செய்துவிட்டார் என்று உடனே முடிவு கட்டிவிட முடியாது. சரியாகப் பராமரித்தாலும் சிலருடைய கை பொருந்துவதில்லை. அந்தச் சிலரைக் காலத்தோடு கண்டுபிடிப்பதில்தான் நாம் தவறுகிறோம்.

எலும்பு ஏன் பொருந்தாமல் போகிறது என்பதை அறியாமல் சத்திரசிகிச்சையை விளங்கிக்கொள்ள முடியாது. சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த ஆய்வாளர் ஸ்டெபான் பெரன் இதற்கு ஓர் எளிய கணக்கைத் தந்தார். முறிவின் இடைவெளி எவ்வளவு, அது ஒவ்வோர் அசைவிலும் எவ்வளவு நீள்கிறது என்ற விகிதமே அந்த இடத்தில் எந்தத் திசு உயிர் வாழும் என்பதை முடிவு செய்கிறது. முறிவுக்குப் பின் முதலில் தோன்றும் இளம் திசு தன் நீளத்தின் இரு மடங்கு வரை இழுபட்டாலும் தாங்கும். குருத்தெலும்பு சுமார் 10 சதவீதம் வரைதான் தாங்கும். எலும்பு 2 சதவீதத்துக்கு மேல் தாங்காது. ஒரு மில்லிமீற்றர் இடைவெளி ஒரு மில்லிமீற்றர் அசைந்தால் அது 100 சதவீதம். அங்கே எலும்பு உருவாகவே இடமில்லை. நாரும் குருத்தெலும்புமே தங்கும். சிறிதளவு அசைவு புது எலும்பைத் தூண்டும் என்பது உண்மையே. அளவு மீறிய அசைவு, உருவாகிய புதுத் திசுவை ஒவ்வொரு நாளும் கிழித்துக்கொண்டே இருக்கும்.

புய எலும்புக்கு இதில் ஒரு தனித் துன்பம் உண்டு. காலெலும்பில் உடற்பாரம் முனைகளை ஒன்றோடொன்று அழுத்துகிறது. கையிலோ முன்கையின் பாரமே முனைகளைப் பிரித்து இழுக்கிறது. பாரமான பிளாஸ்டர் கட்டு அந்த இழுவையைக் கூட்டும். இடையில் தசை சிக்கிக்கொண்டால் முனைகள் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. கை நெடுநாள் கழுத்தில் மாட்டிய தூக்குத் துணியில் கிடந்து தோள்மூட்டு இறுகிப்போனால், கையைத் தூக்க முயலும்போது தோளில் நடக்கவேண்டிய அசைவு முறிவிடத்தில் நடக்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். முறிந்த காலோடு எவரும் நடந்து திரிய முடியாது என்பதால் வைத்தியரிடம் போகாமல் தீராது. ஒரு கை பொருந்தாவிட்டாலும் மற்றக் கையால் வாழ்ந்துவிடலாம் என்று வருடக் கணக்கில் இருப்பவர்களை எங்கள் ஊர்களில் எளிதில் காணலாம்.

அசைவு ஒரு காரணம். இரத்த ஓட்டம் இன்னொன்று. 1976இல் வெபர், செக் என்ற இரு நிபுணர்கள் வகுத்த பிரிவை இன்றும் எலும்பு முறிவு விடுதிகளில் பயன்படுத்துகிறார்கள். முனைகளில் புது எலும்பு தாராளமாக வளர்ந்து, யானைக்கால் போல விரிந்து, ஆனாலும் ஒட்டாமல் நிற்பது ஒரு வகை. அங்கே உயிர் இருக்கிறது, உறுதி மட்டுமே இல்லை. முனைகள் தேய்ந்து, பென்சில் போலக் கூர்ந்து, எந்த வளர்ச்சியும் இல்லாமல் நிற்பது மற்றது. அங்கே உறுதியும் இல்லை, எலும்பை உருவாக்கும் கலங்களும் இரத்தமும் போதாது. இரண்டுக்கும் நடுவில் நிற்பவையும் உண்டு. முதல் வகைக்கு அசைவை நிறுத்தினாலே பெரும்பாலும் போதும். இரண்டாவது வகைக்கு உயிருள்ள எலும்பைக் கொண்டுவந்து வைக்கவேண்டும். ஒரே பெயரில் அழைக்கப்படும் நோய்க்கு ஒருவருக்கு எலும்பில் திருகாணியால் பொருத்தும் உலோகத் தகடு மட்டும், இன்னொருவருக்குத் தகட்டோடு இடுப்பெலும்புத் துகளும் வைக்கப்படுவது இதனால்தான்.

உடலின் பொதுநிலையையும் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது. காரணம் புரியாமல் எலும்பு பொருந்தாதிருந்த 37 பேரை அமெரிக்காவில் பரிசோதித்தபோது 31 பேருக்கு விற்றமின் டி குறைபாடு, தைரொயிட் கோளாறு போன்ற ஏதோவொரு வளர்சிதை மாற்றக் குறை இருந்தது. நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் எலும்பும் தாமதிக்கும், புண்ணும் தாமதிக்கும். புகைபிடித்தல் பற்றிக் கிளினிக்கில் எப்போதும் கேட்பார்கள். வன்னியில் இந்தக் கேள்வி பாதிக் கேள்விதான். சிகரெட்டையோ சுருட்டையோ தொடாத ஒரு வயதான அம்மா நாளுக்குப் பத்துத் தடவை வெற்றிலையோடு புகையிலை போடுகிறார் என்றால், இரத்தக் குழாய்களைச் சுருக்கும் அதே நிக்கொட்டின் அவருடைய உடலிலும் சேர்கிறது. "நான் புகைப்பதில்லை" என்று அவர் சொல்வதில் பொய்யில்லை. ஆகவே கேள்வியை மாற்றிக் கேட்கவேண்டும். கேட்காவிட்டாலும் நாமாகச் சொல்லவேண்டும்.

கிருமித்தொற்று தனியாகப் பேசப்பட வேண்டியது. 2009ஆம் ஆண்டின் முதல் மாதங்களில், போரின் இறுதிக் கட்டத்தில், புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் இயங்கிய தற்காலிக மருத்துவமனைகளில், மருந்தும் கருவியும் போதாத நிலையில், எறிகணைக் காயங்கள் உயிரைக் காப்பதற்காகக் கழுவிக் கட்டப்பட்டன. எலும்பை நேராக்க அப்போது யாருக்கும் அவகாசம் இருக்கவில்லை. எறிகணைச் சிதறல் எலும்பை உடைப்பதோடு நிற்பதில்லை. சுற்றியுள்ள தசையையும் இரத்தக் குழாய்களையும் எரித்து, மண்ணையும் துணியையும் உள்ளே கொண்டுசெல்கிறது. அப்படிக் காயப்பட்ட கை இன்று உலர்ந்து ஆறியதுபோல் தெரிந்தாலும், எலும்புக்குள் கிருமி பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து, அந்த இடத்தில் தகடு வைத்ததும் விழித்துக்கொள்ளக்கூடும். எப்போதாவது சீழ் வடிந்து பின் தானாக அடைத்துக்கொண்ட ஒரு சிறு துவாரம் இருந்தால்கூட அதை வைத்தியரிடம் மறைக்கக்கூடாது. உடம்பில் சிதறல் இருப்பவர்கள் எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்கும் முன்னர் அதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். காந்தப்புலத்தில் இரும்புத் துண்டு நகரக்கூடும்.

போரில் ஒரு காலை இழந்து ஊன்றுகோலில் நடப்பவருக்கும், சக்கர நாற்காலியைத் தானே தள்ளிச் செல்பவருக்கும் கை பாரம் சுமக்கும் உறுப்பு. அவர் ஊன்றுகோலை ஊன்றும் ஒவ்வொரு முறையும் உடற்பாரம் புய எலும்பில் இறங்கும். இத்தகையவருக்கு எவ்வளவு வலிய தகடு வேண்டும், எத்தனை கிழமை அவர் எப்படி நடமாடப் போகிறார் என்பதெல்லாம் சத்திரசிகிச்சைக்கு முன்னரே திட்டமிடப்பட வேண்டியவை. பாடநூல்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. வன்னியில் அது ஒரு வரியில் கடக்கக்கூடிய விடயமல்ல.

முறிவு நெறிவு வைத்தியத்தைக் குறைகூறுவது என் நோக்கமல்ல. மூங்கில் தப்பை வைத்து, தசையை இறுக்கிக் கட்டி, நாளுக்கு நாள் தொட்டுப் பார்த்து வைத்தியம் செய்த பரியாரியார்களிடம் எத்தனையோ கைகள் பொருந்தியிருக்கின்றன. சர்மியென்டோவின் உறையும் தசையை இறுக்கியே எலும்பை நிறுத்துகிறது என்பதை எண்ணிப் பார்த்தால் அந்த முறைக்குள் ஒரு நியாயம் இருப்பது தெரியும். நான் கேட்பது ஒன்றே. யார் கட்டினாலும் ஆறாவது கிழமையில் முறிவிடத்தைப் பிடித்து மெதுவாக அசைத்துப் பார்க்க வேண்டும். அந்த நேரத்துக்குள் இரண்டு முனைகளும் ஒன்றாக அசையத் தொடங்கியிருக்க வேண்டும். இன்னமும் தனித்தனியே அசைந்தால், அந்தக் கை தானாகப் பொருந்தும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிட்டது என்று பொருள். அன்றே எலும்பு முறிவு நிபுணரின் கிளினிக்குக்கு அனுப்ப வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் பயன்படாத எலும்பு மென்மையாகிறது, திருகாணி பிடிக்க இடமில்லாமல் போகிறது, முழங்கை இறுகுகிறது.

சத்திரசிகிச்சைக்கு முன் நடக்கும் தேடல் பொறுமை வேண்டுவது. பழைய எக்ஸ்ரே, முன்பு சத்திரசிகிச்சை நடந்திருந்தால் அதன் குறிப்பு, இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சோதனைகள், நீரிழிவு, விற்றமின் டி, தேவைப்பட்டால் சி.ரி. ஸ்கான் எனப் பலவும் பார்க்கப்படும். மணிக்கட்டையும் விரல்களையும் பின்னோக்கி நிமிர்த்தச் சொல்லி ஆரை நரம்பைச் சோதிப்பார்கள். இந்த நரம்பு புய எலும்பின் பின்புறமாக, எலும்போடு ஒட்டியபடி சுற்றி இறங்குகிறது. தண்டு முறிவுகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றில் அது முறிந்த அன்றே பாதிக்கப்பட்டு மணிக்கட்டுத் தொங்கிவிடுகிறது. பெரும்பாலானோருக்கு அது மாதங்களில் தானே மீளும். கத்தி வைப்பதற்கு முன் நரம்பு எப்படி இருந்தது என்று எழுதிவைக்காவிட்டால், பின்னர் தொங்கும் மணிக்கட்டுக்குக் காரணம் விபத்தா சத்திரசிகிச்சையா என்று எவராலும் சொல்ல முடியாது.

இனி மேசைக்கு வருவோம். தோல் திறக்கப்பட்டதும் முதல் வேலை எலும்பைத் தேடுவதல்ல, நரம்பைத் தேடுவது. பழைய முறிவின் தழும்புக்குள் ஆரை நரம்பு புதைந்திருக்கும். சுற்றியுள்ள தசையின் நிறத்திலிருந்து அதைப் பிரித்தறிவதே கடினம். ஆரோக்கியமான பகுதியிலிருந்து தொடங்கி, தழும்பை நோக்கி மெல்ல மெல்ல அதை விடுவித்து, மென்மையான ஒரு ரப்பர் நாடாவைச் சுற்றி ஒதுக்கி வைப்பார்கள். இந்தச் சத்திரசிகிச்சையின் நேரத்தில் பெரும் பங்கு இங்கேயே போகும். நரம்பு கண்ணில் பட்ட பிறகுதான் முறிவிடத்துக்குப் போவது பாதுகாப்பானது.

உயிரற்ற வகையானால் முனைகளுக்கு இடையிலுள்ள நார்த்திசு முழுவதும் வெட்டி எடுக்கப்படும். அதிலிருந்து ஐந்து இடங்களிலாவது துண்டுகள் எடுத்துக் கிருமிச் சோதனைக்கு அனுப்புவது நல்ல வழக்கம். இதற்காகவே முன்கூட்டி இரண்டு கிழமைகளுக்கு நுண்ணுயிர் எதிரி மருந்துகளை நிறுத்தச் சொல்வார்கள். பிறகு எலும்பு முனைகள் சிறிது சிறிதாகச் சீவப்படும். வெண்மையாக, தந்தம் போலக் காய்ந்திருக்கும் எலும்பு செத்த எலும்பு. சீவச் சீவ, அதன் மேல் செத்தல் மிளகாய்த் தூளைத் தூவியதுபோலச் சிறு சிறு சிவப்புப் புள்ளிகளில் இரத்தம் கசியத் தொடங்கும். அங்கேதான் நிறுத்துவார்கள். முனைகளில் அடைத்துப்போன மச்சைக் குழாயும், அதாவது எலும்பின் நடுவே மச்சை என்ற மென்திசு நிறைந்து ஓடும் குழாயும், துளையிட்டுத் திறக்கப்படும். உள்ளிருந்து வரும் மச்சையில் எலும்பை உருவாக்கும் கலங்கள் இருக்கின்றன.

இவ்வாறு சீவினால் கை கட்டையாகிவிடாதா என்று எவரும் அஞ்சலாம். இரண்டு மூன்று சென்ரிமீற்றர் குறைந்தாலும் மேற்கையின் இயக்கம் பெரிதாகப் பாதிக்கப்படுவதில்லை. சட்டை போட்டால் கண்ணுக்கும் தெரியாது. காலில் அதே அளவு குறைந்தால் நொண்ட வேண்டியிருக்கும். புய எலும்புக்கு இயற்கை தந்த இந்தச் சலுகையால்தான், கெட்டதைத் தயங்காமல் அகற்றி, நல்ல எலும்பை நல்ல எலும்போடு நேருக்கு நேர் அழுத்த முடிகிறது.

அழுத்துவதற்கு உதவுவது தகடு. 1958இல் சுவிற்சர்லாந்தின் பீல் நகரில் சில சத்திரசிகிச்சை நிபுணர்கள் சேர்ந்து தொடங்கிய ஏ.ஓ. குழு உலகெங்கும் பரப்பிய முறை இது. தகட்டின் துளை நீள்வட்டமானது. அதன் ஒரு பக்கம் சரிவாக இருக்கும். திருகாணி அந்தச் சரிவில் இறங்க இறங்க, அதோடு எலும்பும் நகர்ந்து மற்ற முனையை நெருக்குகிறது. பெரன் சொன்ன 2 சதவீதக் கணக்கை நிறைவேற்றும் சிறிய இயந்திரம் அது. வளர்ந்தவர்களுக்கு 4.5 மில்லிமீற்றர் திருகாணிகளுக்கான அகன்ற தகட்டை வைத்து, முறிவின் ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று, பெரும்பாலும் நான்கு திருகாணிகளையாவது போடுவார்கள். எலும்பு மென்மையாகிப்போன முதியவர்களுக்குத் திருகாணியின் தலை தகட்டிலேயே பூட்டிக்கொள்ளும் வகையைத் தேர்ந்தெடுப்பார்கள். சிலருக்கு மச்சைக் குழாய்க்குள் ஓர் எலும்புத் துண்டைச் செருகித் திருகாணிக்குப் பிடி கொடுப்பதும் உண்டு.

கடைசியாக, இடுப்பெலும்பின் முன்விளிம்பிலிருந்து சுரண்டி எடுத்த பஞ்சு போன்ற எலும்புத் துகள்களை முறிவைச் சுற்றி வைப்பார்கள். அவை வெறும் நிரப்பியல்ல; கலங்களும், வளர்ச்சியைத் தூண்டும் புரதங்களும், புது எலும்பு படர்ந்து ஏறுவதற்கான சட்டகமும் ஒருங்கே கொண்டவை. ஆய்வுகூடத்தில் உருவாக்கப்படும் வளர்ச்சிப் புரதங்கள் மிகவும் விலையுயர்ந்தவை; நோயாளியின் சொந்த எலும்பே இன்னமும் அளவுகோலாக நிற்கிறது. சிலருக்குக் கையை விட இடுப்பே அதிக நாட்கள் நோகும் என்பதை முன்னரே சொல்லிவிடுவது நல்லது. உறுதியான தகடும் இந்த எலும்புத் துகளும் சேர்ந்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் எலும்பு பொருந்துகிறது, பெரும்பாலும் நான்கைந்து மாதங்களுக்குள். இந்த எண்ணை வன்னியில் பொருந்தாக் கையோடு வாழ்பவர்கள் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

மச்சைக் குழாய்க்குள் கம்பி விடும் முறை காலெலும்பில் நல்ல பலன் தருகிறது. ஒரு கம்பியை எடுத்து அதைவிடப் பருத்ததை வைத்தாலே அங்கு பல முறிவுகள் பொருந்திவிடும். அதே உத்தி புய எலும்பில் பலமுறை தோற்றிருக்கிறது. கம்பி, எலும்பு முனைகளை ஒன்றோடொன்று அழுத்துவதில்லை, கையின் முறுக்கு அசைவையும் முழுமையாகத் தடுப்பதில்லை. முன்பு வைத்த கம்பியோடு எலும்பு பொருந்தாமல் வருபவர்களுக்கும் கம்பியை அகற்றித் தகடு வைப்பதே பெரும்பாலும் பரிந்துரைக்கப்படுவதன் காரணம் இதுதான்.

எலும்பின் பெரும்பகுதியே போய்விட்டவர்களின் கதை வேறு. பிரான்சின் அலென் மாஸ்கலே 1980களில் கண்ட முறையில், இடைவெளியில் முதலில் எலும்புச் சீமெந்தை வைத்து ஆறு முதல் எட்டுக் கிழமைகள் விடுவார்கள். உடல் அதைச் சுற்றி இரத்தக் குழாய்கள் நிறைந்த ஒரு சவ்வைப் போர்த்தும். பிறகு சீமெந்தை எடுத்துவிட்டு அந்தப் பைக்குள் எலும்புத் துகளை நிரப்புவார்கள். கிருமித்தொற்று உள்ளவர்களுக்குச் சீமெந்தில் நுண்ணுயிர் எதிரி மருந்தைக் கலக்கவும் முடியும். காலின் மெல்லிய வெளியெலும்பை அதன் இரத்தக் குழாயோடு எடுத்து நுண்நோக்கியின் கீழ் கையில் தைப்பது இன்னொரு வழி. சைபீரியாவின் குர்கான் நகரில் 1950களில் கவ்ரீல் இலிசரோவ் உருவாக்கிய வளையச் சட்டம் வேறொன்று. இவை ஒரே நாளில் முடியும் வேலைகளல்ல.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு வரக்கூடிய கேடுகளில் மக்கள் மிகவும் அஞ்சுவது மணிக்கட்டுத் தொங்குவது. நரம்பை ஒதுக்கும்போது ஏற்பட்ட இழுவையால் சிலருக்கு அது நேர்கிறது. பெரும்பாலும் தற்காலிகமானது, மாதங்கள் எடுக்கும். கிருமித்தொற்று, திருகாணி தளர்தல், தகடு முறிதல் ஆகியவையும் உண்டு. எலும்பு பொருந்தாவிட்டால் எவ்வளவு தடித்த தகடும் ஒருநாள் களைத்து முறியும். தோளையும் முழங்கையையும் இயன்மருத்துவர் காட்டியபடி முதல் நாட்களிலிருந்தே அசைக்கலாம், அசைக்கவும் வேண்டும். மண்வெட்டி, நெல் மூடை, கரைவலைக் கயிறு ஆகியவற்றை எக்ஸ்ரேயில் எலும்பு இணைந்ததைக் காணும் வரை தொடக்கூடாது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டப் பொது வைத்தியசாலைகளுக்கோ யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ மல்லாவியிலிருந்தும் ஒட்டுசுட்டானிலிருந்தும் பேருந்தில் போய் வர ஒரு நாள் கூலி போய்விடும் என்பதை நான் அறிவேன். கிளினிக் திகதியை வெட்டுக் காலத்துக்கு முன்னரோ பின்னரோ மாற்றித் தரும்படி கேட்கலாம். கேட்காமல் தவறவிடுவதைவிட அது மேல்.

மாமாவுக்குத் தகடு வைத்து இப்போது இரண்டாவது சிறுபோகம் நடக்கிறது. அவருடைய கிளினிக் கொப்பியில் சத்திரசிகிச்சை நிபுணர் ஒரு வரி எழுதியிருக்கிறார்: ஆரை நரம்பு தகட்டின் மேலிருந்து ஐந்தாவது துளையைக் கடந்து செல்கிறது. என்றாவது அந்தத் தகட்டை எடுக்க வேண்டி வந்தால், தழும்பைத் திறக்கும் அடுத்த வைத்தியருக்கு நரம்பு இருக்கும் இடத்தைக் காட்டுவது அந்த வரிதான். மாமி அந்தக் கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றி, காணி உறுதியோடு சேர்த்து இரும்புப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்.